வழியை எழுதுதலும் ஊரை எழுதுதலும்: சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து வடக்கே சென்ற இளமைப் பயணங்கள்

ஆய்வுச் சுருக்கம்

இளமையில் தரைவழியே நெடுந்தூரம் சென்றவர்களின் நினைவுகளைத் தமிழ்த் திறனாய்வு பயண இலக்கியம் என்றோ தன்வரலாறு என்றோ பிரித்து வைக்கிறது. பழைய சேலம் மாவட்டத்தையும் அதையொட்டிய காவிரிக் கரையையும் சார்ந்த மூவரின் வடதிசைப் பயணப் பதிவுகளை ஆற்றுப்படை மரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வழியைக் காட்டும் எழுத்துக்கும் சென்றவரைக் காட்டும் எழுத்துக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து, இச்சமவெளியின் லாரித் தொழிலாளர், ரிக் தொழிலாளர் ஆகியோரின் நினைவுகளை எவ்வகைமையில் வைப்பது என்ற வினாவை அது எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், தன்வரலாறு, ஆற்றுப்படை, நாமக்கல் கவிஞர், லாரித் தொழில், வட்டார இலக்கியம்

முன்னுரை

காசிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 2,369 கிலோமீட்டர் நீண்டிருந்த ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் கடந்து சென்றது. 2010இல் நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டபோது இப்பகுதி 44ஆம் எண்ணைப் பெற்று, ஸ்ரீநகரிலிருந்து குமரிமுனை வரை செல்லும் சாலையின் ஒரு துண்டாயிற்று. ஐக்கிய நாடுகள் அவையின் முன்முயற்சியில் 1959இல் தொடங்கிய ஆசிய நெடுஞ்சாலைத் திட்டத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஆக்ராவில் தொடங்கி இலங்கையின் மாத்தறையில் முடிவதாகக் குறிக்கப்பட்ட 43ஆம் வழி இச்சமவெளியின் ஊடே செல்கிறது. இவ்வளவு நீண்ட சாலையின் ஓரத்தில் வாழும் மக்கள் தம் இளமைக்கால நெடும்பயணங்களை எவ்வாறு நினைவுகூர்ந்துள்ளனர் என்று நோக்கினால், எழுத்தில் கிடைப்பவை மிகச் சில. கிடைப்பவையும் பயண இலக்கியம் என்ற தலைப்பின் கீழ் ஒருசேர வைத்து வாசிக்கப்படுவதில்லை. ஒன்று யாத்திரை நூலாகவும் மற்றொன்று கவிஞரின் தன்வரலாறாகவும் இன்னொன்று தலைவரின் வரலாறாகவும் வெவ்வேறு அலமாரிகளில் உள்ளன. பெரும்பகுதி எழுதப்படவே இல்லை.

எழுதப்பட்டவற்றையும் எழுதப்படாதவற்றையும் ஒரே வினாவின் முன் நிறுத்த முடியுமா என்று பார்ப்பதே இங்கு நோக்கம். அவ்வினா இது: பயணத்தை நினைவுகூரும் எழுத்து, சென்ற வழியைக் காட்டுகிறதா, சென்றடைந்த ஊரைக் காட்டுகிறதா, அல்லது சென்றவர் பின்னாளில் யாராக ஆனார் என்பதை மட்டும் காட்டுகிறதா?

அடைபட்ட வழியும் அதன் நினைவுநூல்களும்

உலக அளவில் இவ்வகை நினைவெழுத்துக்கு இன்று முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது ஹிப்பி வழி எனப் பெயர் பெற்ற பாதையின் இலக்கியம். 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய இளைஞர்கள் முதுகுப்பையும் குறைந்த பணமுமாக இஸ்தான்புல்லிலிருந்து தெஹ்ரான், ஹெராத், காபூல், பெஷாவர், லாகூர் வழியே தில்லிக்கும் காத்மாண்டுக்கும் வந்தனர். டோனி வீலரும் மாரீன் வீலரும் 1972இல் மேற்கொண்ட பயணம் மறு ஆண்டே ஒரு சிறு வழிகாட்டி நூலாகி, லோன்லி பிளானட் என்ற பதிப்பகத்துக்கு வித்திட்டது. 1979இல் ஈரானியப் புரட்சியும், அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததும் அவ்வழியை அடைத்தன. தமிழகத்துச் சிற்றூர்கள் அவ்விளைஞர்களைக் கண்டது அரிது. ஆயினும் ‘ஹிப்பி’ என்ற சொல் நீண்ட தலைமுடிக்குப் பெயராக இங்கே தங்கிவிட்டது.

வழி அடைபட்ட பின் எழுந்த நினைவுநூல்களில் ஒரு பொதுப்பண்பு உண்டு. பயணத்துக்குக் காரணம் எதுவும் கூறப்படுவதில்லை, இளமையே காரணம். சாலை மூடப்பட்டதும் இளமை முடிந்ததும் ஒன்றாகவே உணரப்படுகின்றன. ரோரி மக்லீன் 2006இல் வெளியிட்ட ‘மேஜிக் பஸ்’ அவ்வழியைத் தேடி மீண்டும் செல்லும் நூல். அதில் இந்த இரட்டை இழப்பு நன்கு புலப்படும். இவ்வுணர்வே அவ்வெழுத்தின் ஈர்ப்பு. அதன் குறையும் இதுவே. வந்து சென்றவர்களுக்கு 1979 ஒரு பருவத்தின் முடிவு. ஹெராத்திலும் காபூலிலும் வாழ்ந்தவர்களுக்கு அது போரின் தொடக்கம். சாலையோரத்து மக்களைத் தம் இளமையின் பின்புலமாக மட்டும் கண்ட நூல்கள் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை.

இவ்வரிசையில் விக்ரம் சேத்தின் நூல் தனித்து நிற்கிறது. சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த அவர் 1981இல் சின்ஜியாங், திபெத், நேபாளம் வழியாகத் தில்லிக்குத் திரும்பினார். 1983இல் ‘பிரம் ஹெவன் லேக்’ வெளிவந்தது. அவருக்கு ஒரு காரணம் இருந்தது: வீடு திரும்புதல். வழியின் பெரும்பகுதியை அவர் லாரிகளில் கடந்தார். அந்நூலில் லாரி ஓட்டுநர் பின்புலமாக இல்லை. சினமும் களைப்பும் பேச்சும் உடைய முழு மனிதராக இருக்கிறார். பயண நூலுக்குள் ஓட்டுநர் பாத்திரமாக வருவது இவ்வளவு தூரம். அவரே சொல்பவராக வரும் நூல் எப்படி இருக்கும் என்பது இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு உரிய செய்தி.

ஆற்றுப்படை என்னும் அளவுகோல்

மேலைநாட்டு நினைவுநூல்களை அளவுகோலாகக் கொண்டால் தமிழில் இவ்வகை எழுத்து இல்லை என்றே முடிவு செய்ய நேரும். காரணமின்றி ஊர் சுற்றுவதைத் தமிழ் எழுத்து எளிதில் ஒப்புக்கொண்டதில்லை. ராகுல் சாங்கிருத்தியாயனின் ‘ஊர்சுற்றிப் புராணம்’ தமிழாக்கத்தில் தொடர்ந்து வாசிக்கப்பட்டு வந்துள்ளது. வீட்டை விட்டு இளமையிலேயே வெளியேறுக என்று அந்நூல் வெளிப்படையாக அழைக்கிறது. அதைப் படித்துப் பாராட்டியவர் பலர். அதன்படி நடந்து எழுதியவர் மிகச் சிலர்.

தமிழுக்குள்ளேயே வேறோர் அளவுகோல் உண்டு. பத்துப்பாட்டில் இடம்பெறும் ஆற்றுப்படைகளின் அடிப்படை, ஒரு வழியில் சென்று மீண்டவன் அவ்வழியில் இனிச் செல்ல வேண்டியவனிடம் பேசுவது. திருமுருகாற்றுப்படை இவ்வமைப்பை வேறு திசையில் கொண்டு சென்றது. அதை ஒதுக்கி வைத்தால் மற்ற நான்கிலும் பேச்சுக்குத் தூண்டுகோல் பசி. பாணனும் பொருநனும் கூத்தனும் உணவும் பரிசிலும் நாடிச் செல்பவர்கள். அவர்கள் வழியைக் காண்பது ஓய்வினால் அன்று. மீண்டவனின் நினைவு, கேட்பவனுக்குப் பயன்படும் வகையில் அடுக்கப்படுகிறது: எங்கே நிழல் உண்டு, எந்த ஊரில் என்ன உண்ணத் தருவார்கள், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பன முன்வருகின்றன. சேலத்துக்கு வடகிழக்கே உள்ள செங்கத்தின் தலைவன் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் இதில் உச்சம் தொடுகிறது. விலங்குகளுக்கு வெட்டிய குழிகள், பாம்புகள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள், வழுக்கும் தடங்கள் என மலைவழியின் இடர்கள் அங்கே ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. அரசனின் ஊரை அடைவதற்குள் பாட்டின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. சொல்பவன் யார், அவன் பின்னாளில் என்ன ஆனான் என்பது பற்றிப் பாட்டுக்கு அக்கறை இல்லை.

இம்மரபில் வண்டிக்காரர்களுக்கும் இடம் இருந்தது. உப்பு வணிகரான உமணரின் வண்டித்தொடர்கள் சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு (102) இச்சமவெளிக்கு மிக அண்மையில் உள்ள நிலத்தைச் சார்ந்தது. தகடூர் இன்றைய தர்மபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. எருதுகள் இளையவை, பாரம் மிகுதி, வழியோ மேடுபள்ளம். ஆகவே உமணர் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிச் செல்வர். அந்த அச்சுக்கு இளவரசனை ஒப்பிடுகிறார் புலவர். நெடுவழி செல்வோரின் தொழிலறிவு அரசனைப் புகழும் உவமையாக ஏற்கப்பட்ட காலம் அது. ஸ்டெப்னிச் சக்கரத்தை உவமையாக்கிய தற்காலக் கவிதைகளை எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

மூவர் சென்ற வழிகள்

ரயிலுக்கு முந்திய காலத்தின் நெடும்பயண நூலாகத் தென்னகத்தில் முதலில் நினைக்கப்பட வேண்டியது ஏனுகுல வீராசாமியின் தெலுங்கு நூலான ‘காசியாத்திரா சரித்திர’. சென்னையிலிருந்து 1830இல் புறப்பட்டு, பெருங்கூட்டத்துடன் ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியே காசி சென்று 1831இல் மீண்டவர் அவர். ஐதராபாத்திலிருந்து காசி வரை அவர் சென்ற வழியும் பின்னாளில் ஏழாம் எண் நெடுஞ்சாலை சென்ற வழியும் பெரும்பாலும் ஒன்றே. தங்கிய ஊர், குடிநீர், கடைகள், சாலையின் நிலை என நாட்குறிப்பாக அமைந்த அந்நூல், ஆற்றுப்படையின் பயன்நோக்கை உரைநடைக்குக் கொண்டுவந்தது எனலாம்.

அம்மரபின் அடுத்த கட்டத்தில் சே. ப. நரசிம்மலு நாயுடு (1854–1922) நிற்கிறார். ஈரோட்டில் பிறந்து, சேலத்தில் பயின்று, கோயம்புத்தூரில் இதழ் நடத்திய அவர் தம் பெயருக்கு முன் சேலத்தையே சுமந்தார். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குச் சென்றவர்களுள் ஒருவர். அவரது வடநாட்டுப் பயண நூல் 1889இல் வெளிவந்தது. ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ என்ற தலைப்பிலேயே மூன்று வெவ்வேறு நோக்கங்கள் நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். ‘திவ்விய தேசம்’ பக்தரை அழைக்கிறது. ‘ஆரிய’ என்ற அடை அக்காலத்துத் தேசிய எண்ணத்தைச் சுட்டுகிறது. ‘சரித்திரம்’ இதழாசிரியரின் சொல். தலங்களைக் காணச் செல்பவரும் அரசியல் கூட்டத்துக்குச் செல்பவரும் ஒரே ரயிலில் ஏறிய காலத்தின் நூல் இது. பயணத்துக்கும் நூலுக்கும் இடையே சில ஆண்டுகளே கழிந்துள்ளன என்பதும், அடுத்துச் செல்வோருக்கு உதவும் நோக்கம் அதில் இருப்பதும் கருதத்தக்கவை. பயணம் செய்தவர் தம்மை வாசகருக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளவில்லை. எனினும் வழியின் தன்மை மாறிவிட்டது. வீராசாமியின் நூலில் ஊருக்கு ஊர் நிலம் தொடர்கிறது. ரயிலில் சென்றவருக்கு நிலம் நிலையங்களாகத் துண்டுபடுகிறது. தமிழ்ப் பயண எழுத்து வழியை விட்டு ஊர்ப்பெயர்களின் பட்டியலாக மாறத் தொடங்கிய இடம் இதுவே என்று கொள்ள இடமுண்டு.

அடுத்தவர் இந்நூலுக்கு நேர் எதிரானவர். பள்ளிபாளையத்துக்கு அக்கரையில் உள்ள ஈரோட்டின் வணிகக் குடும்பத்து இளைஞர் ராமசாமி, ஏறத்தாழ 1904இல், தந்தையோடு ஏற்பட்ட மனவருத்தத்தால் வீட்டை விட்டுக் காசிக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு 25 வயது. பெரியாராக அறியப்பட்ட பின் அவர் வாழ்வை எழுதிய அனைவரும் இந்நிகழ்ச்சியைச் சொல்கின்றனர். 1930களின் இறுதியில் வெளிவந்த சாமி சிதம்பரனாரின் ‘தமிழர் தலைவர்’ அவற்றுள் முதன்மையானது. காசிச் சத்திரங்களில் பிராமணரல்லாதார்க்கு உணவு மறுக்கப்பட்டதும், பசி பொறாமல் எச்சிலிலைச் சோற்றை அவர் உண்டதும் தமிழகத்தில் பள்ளிச் சிறுவர் வரை அறிந்த செய்தி. பயண நினைவாக இதை வாசிக்கும்போது ஒன்று புலனாகிறது. பயணம் முழுவதும் ஒரே காட்சியாகச் சுருங்கிவிட்டது. ஐதராபாத்தில் துணைவர்களோடு தங்கிய நாட்கள், அவர்கள் பிரிந்து திரும்பிய பின் தனியே சென்ற தொலைவு, திரும்பும் வழியில் ஏலூரில் நண்பர் இல்லத்தில் கழிந்த காலம் ஆகியவை அக்காட்சிக்கு முன்னும் பின்னும் வரும் இணைப்புகளாகவே நிற்கின்றன. பின்னாளைய கொள்கைக்குச் சான்றாகப் பயணம் நினைவுகூரப்படும்போது இது தவிர்க்க இயலாதது. அச்சான்றின் வலிமையைக் குறைத்து மதிப்பதற்கில்லை. பசித்த ஒருவனுக்கு உணவிட மறுத்த வாயிலைக் காட்டுவது ஆற்றுப்படையின் தலைகீழ் வடிவம் என்றே கூறலாம். ஆயினும் வழி இல்லை. நாகம்மையார் ஈரோட்டில் காத்திருந்த மாதங்களும் இல்லை. இக்கட்டுரையில் வரும் பயணங்கள் யாவும் ஆண்களுடையவை. பின்னால் தங்கியவர்களின் நினைவைப் பாலைத்திணைப் பாடல்கள் பதிவு செய்த அளவுக்குக்கூட நவீன உரைநடை பதிவு செய்யவில்லை.

மூன்றாமவரே இங்கு விரிவாக நோக்கத்தக்கவர். மோகனூரில் காவல்துறை ஊழியர் ஒருவரின் மகனாக 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, கவிஞராக அறியப்படுமுன் ஓவியர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக 1911 டிசம்பர் 12 அன்று தில்லியில் தர்பார் நடைபெற்றபோது, தாம் வரைந்த ஓவியத்துடன் தில்லிக்குச் சென்றார். அவ்வோவியத்துக்குப் பதக்கம் கிடைத்தது என்பது அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் வழக்கமாக இடம்பெறும் செய்தி. அப்போது அவர் 23 வயது இளைஞர். நாமக்கல்லுக்கு ரயில் இல்லை. சேலம், கரூர் இடையிலான பாதை நாமக்கல் வழியே மக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது 2013இல்தான். ஆகவே 1911இல் அவ்வூரிலிருந்து தில்லி செல்வது என்பது முதலில் சாலை வழியே ரயிலை அடைவது. மேட்டூர் அணை கட்டப்படாத காலத்துக் காவிரியும் அதன் பரிசல் துறைகளும் அப்பயணத்தின் முதல் கட்டத்துக்கு உரியவை.

இப்பயணத்தைத் தம் தன்வரலாறான ‘என் கதை’யில் அவர் சொன்ன காலம் 1944. இடையில் கழிந்தவை 33 ஆண்டுகள். தர்பாருக்கு ஓவியம் எடுத்துச் சென்ற இளைஞர் 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு வழிநடைப் பாடல் எழுதிக் கொடுத்தார். அதன் பின் சிறை சென்றார். நூல் வெளிவந்தது ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின். மன்னரின் முடிசூட்டு விழாவை நோக்கிச் சென்ற தம் இளமையை ஒரு காந்தியர் அந்நேரத்தில் எழுத வேண்டியிருந்தது. இரண்டு எளிய வழிகள் அவர் முன் இருந்தன. அந்நிகழ்ச்சியை விட்டுவிடலாம், அல்லது அறியாப் பருவத்துப் பிழை என்று கூறி வருந்தலாம். முதல் வழியை அவர் கொள்ளவில்லை என்பதே ‘என் கதை’யின் மதிப்பை உயர்த்துகிறது. பின்னாளைய கவிஞரின் புகழுக்கு உதவாத பயணம் அதில் இடம்பெற்றிருக்கிறது.

தன்வரலாற்றுத் திறனாய்வு இப்பகுதியை வாசிக்கும் முறையில்தான் சிக்கல் உள்ளது. நாமக்கல் கவிஞரைப் பற்றிய கட்டுரைகள் பொதுவாகத் தர்பாரைப் பதக்கச் செய்தியாகச் சுருக்கி, உடனே விடுதலைப் பாடல்களுக்குத் தாவுகின்றன. ஓவியம், பதக்கம், பாடல், சிறை, 1949இல் அரசவைக் கவிஞர் பதவி என்ற வரிசையில் தில்லி ஒரு படிக்கட்டு மட்டுமே. படம் வரைந்து பிழைக்க முயன்ற, கையில் பணம் அதிகம் இல்லாத ஒரு மாவட்டத்து இளைஞர், அக்காலத்து இந்தியாவின் மிகப் பெரிய அரசுக் காட்சியை நோக்கி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்ற பயணமாக அது வாசிக்கப்படுவதில்லை. அவ்வாறு வாசித்தால் தர்பார் ஒரு சாக்காகவும் தெரியக்கூடும். நரசிம்மலு நாயுடுவுக்குத் தலங்களும் காங்கிரசும், ராமசாமிக்குத் துறவு, இராமலிங்கத்துக்குத் தர்பார். ஊரை விட்டு வெளியேறும் இளைஞன் வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தையே பயணத்தின் பொருளாக ஏற்றுக்கொள்வது வாசகரின் கடமையன்று.

ஏ. கே. செட்டியார் (1911–1983) இதே கால எல்லைக்குள் வேறொரு வழியைக் காட்டினார். கோட்டையூர்க்காரரான அவர் இருபதுகளின் நடுவிலேயே ஜப்பானில் புகைப்படக்கலை பயின்று, பின் அமெரிக்கா சென்று, காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகளில் அலைந்தார். கப்பல் வழிப் பயணங்களாதலால் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் 1940இல் வெளிவந்த அவரது நூலின் பெயர் ‘உலகம் சுற்றும் தமிழன்’. தலமும் இல்லை, சரித்திரமும் இல்லை. சுற்றுதல் என்ற வினை தலைப்புக்கு வந்துவிட்டது. நூலுக்குள்ளோ அவர் தம்மைப் பற்றிக் கூறுவது மிகக் குறைவு. இவ்விரண்டும் ஒருசேர அமைந்ததே அவரது நடையின் தனித்தன்மை.

நடை

‘நடை’ என்ற சொல்லைத் திறனாய்வாளர் எழுத்தின் பாங்குக்குப் பயன்படுத்துவர். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் அச்சொல் ஒரு முறை சரக்கேற்றிச் சென்று வருவதைக் குறிக்கும். எத்தனை நடை அடித்தான் என்று கேட்பது அவன் எவ்வளவு உழைத்தான் என்று கேட்பது.

1997இல் தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலாலும் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்தாலும் எரிவாயு டேங்கர்களாலும் அறியப்படுவது. திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். கருங்கல் பாறை மேல் அமைந்த வறண்ட நிலத்தில் கிணறு வெட்டிப் பழகியவர்களின் அடுத்த தலைமுறை, ஆழ்துளைக் கிணறு போடும் எந்திரங்களுடன் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் எனப் பரவி, ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்றது. 1970களின் நடுவில் நேஷனல் பெர்மிட் நடைமுறைக்கு வந்தபோது, ஒரே வண்டி பல மாநிலங்களைக் கடந்து செல்வது எளிதாயிற்று. காலத்தை அடுத்தடுத்து வைத்து நோக்கினால், காபூல் வழியே வந்த முதுகுப்பை இளைஞர்களுக்கு ஆசியாவின் சாலை மூடிய அதே பத்தாண்டில், நாமக்கல் இளைஞர்களுக்கு இந்தியாவின் சாலை திறந்தது. இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். சாலையோரக் கட்டிலில் படுத்து, டாபாவில் உண்டு, அறியாத மொழியைக் காதால் கற்றவர்கள் இருவருமே. ஒருவருடைய நினைவு இலக்கியமாயிற்று. மற்றவருடையது அனுபவம் என்ற அளவில் நின்றது.

இவ்வேறுபாட்டுக்கு எழுத்தறிவு மட்டும் காரணமன்று. வகைமைகளும் காரணம். கொங்கு நிலத்தின் புனைகதை ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) தொடங்கிப் பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991), ‘கூளமாதாரி’ (2000) வரை வளமானது. அந்நாவல்களை வாசித்து உருவான ‘வட்டாரம்’ என்ற கருத்தாக்கம், நிலத்தோடு பிணைந்து நிற்பவர்களையே மையமாகக் கொண்டது. காடு, பட்டி, கிணறு, வரப்பு ஆகியவை வட்டாரத்தின் அடையாளங்கள். ஆண்டில் பெரும்பகுதியை நாகபுரிக்கும் இந்தூருக்கும் இடையே கழித்து, நோம்பிக்கு ஊர் திரும்புபவன் அவ்வட்டத்துக்குள் விருந்தினனாகவே வருகிறான். நாவலாசிரியர்களைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. அவர்கள் கண்ட நிலத்தை எழுதினர். திறனாய்வுச் சொல்லே குறுகிவிட்டது.

சமூக அறிவியல் ஆய்வுகள் ஓட்டுநரைக் கவனித்தன. ஆனால் அவை எழுப்பிய வினாக்கள் வேறு: கூலி, கடன், வேலை நேரம், விபத்து. 1990களில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் நெடுந்தூர லாரி ஓட்டுநரைத் தனிக் கவனத்துக்குரிய குழுவாக வகுத்தபோது வினாப்பட்டியல்கள் பெருகின. அவற்றின் மருத்துவத் தேவை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் ஒரு தலைமுறையின் சாலை வாழ்க்கை பற்றி முறையாகத் திரட்டப்பட்ட பதிவுகளில் கணிசமான பகுதி, எங்கே உறங்கினாய் என்று கேட்காமல் யாருடன் என்று மட்டும் கேட்டவை.

கூலிக்காகச் செல்வது பயணமாகுமா என்ற தடை இவ்விடத்தில் எழும். பயண இலக்கியத்துக்கு விருப்பமும் விடுதலையும் அடிப்படை என்பர். இது மேலை நினைவுநூல்களிலிருந்து கடன்பெற்ற கருத்து. பொருள்வயிற் பிரிவைப் பாலையின் நடுவே வைத்ததும், பசித்த பாணனை வழிகாட்டியாக்கியதும் தமிழ் மரபு. ஓய்வை முன்நிபந்தனையாக அது ஒருபோதும் கேட்டதில்லை. மேலும் கிளீனராக வண்டியேறிய பதினெட்டு வயது இளைஞன் கூலிக்காக மட்டுமே ஏறினான் என்று முடிவு செய்வதற்கு அவனைக் கேட்டறிந்த சான்று வேண்டும். பண்ணையத்திலோ விசைத்தறியிலோ கூலி கிடைத்தபோதும் சாலையைத் தேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் கூறும் காரணமும், தர்பாரைப் போல, வீட்டாருக்குச் சொன்ன காரணமாக இருக்கலாம்.

வாய்மொழியாகச் சொல்லப்படுவது பனுவலாகாது என்ற மற்றொரு தடைக்கு விடை சுருக்கமானது. ஆற்றுப்படை எழுதப்பட்டதே ஒருவன் மற்றொருவனிடம் பேசும் பேச்சாக. கவனிக்க வேண்டியது வேறு: கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து நினைவு வடிவம் மாறும். ஆய்வாளரிடம் பேசும் முதிய ஓட்டுநர் துன்பக் கதையைச் சொல்வார், அதுவே கேட்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியும். அதே வழியில் முதல்முறை செல்லவிருக்கும் இளைஞனிடம் பேசும்போதோ, எந்தக் கணவாயில் இரவில் ஏறக்கூடாது, எந்தச் செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் நிற்க நேரும், எங்கே குளிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்று அவரது பேச்சு வழியின் ஒழுங்கில் விரியும். மலைபடுகடாத்தின் கூத்தன் பேசிய முறை அதுவே. பதிவு செய்ய வேண்டியது இவ்விரண்டாம் பேச்சை; அதற்கு ஆய்வாளர் நேர்காணல் மேசையை விட்டு, புறப்படும் வண்டியின் அருகே நிற்க வேண்டியிருக்கும்.

எழுத்துச் சான்றும் அறவே இல்லாமல் இல்லை. வண்டி உரிமையாளரிடம் கணக்கு ஒப்படைப்பதற்காக ஓட்டுநர்கள் நடைதோறும் நோட்டில் செலவுகளை எழுதி வைப்பது வழக்கம்: தேதி, ஊர், டீசல், சுங்கம், பஞ்சர், சாப்பாடு, ஏற்றுகூலி, இறக்குகூலி. அவற்றில் உணர்ச்சி இல்லை, தன்வரலாறு இல்லை. ஊரும் நாளும் செலவும் மட்டும் வழியின் வரிசையில் உள்ளன. வீராசாமியின் நாட்குறிப்பில் தங்கிய இடமும் தண்ணீரும் குறிக்கப்பட்ட முறைக்கு இவை நெருக்கமானவை. 1975க்கும் 2000க்கும் இடைப்பட்ட காலத்தின் சாலையை நாள்வாரியாகக் காட்டக்கூடியவை. கணக்கு நேர் செய்யப்பட்டதும் நோட்டின் பயன் முடிந்துவிடுகிறது. உரிமையாளர் வீட்டுப் பரண்களில் எஞ்சியவை, வீடு வெள்ளையடிக்கும் ஆண்டுகளில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன.